உள்ளேன் மிஸ்

பள்ளிக்கூடம் செல்போனுக்குள் வந்து நாலு மாதமாகிறது. மூன்றாம் வகுப்பு ஜெனிபா இன்றும் சீருடையோடு தூங்கிவிட்டாள். எழுப்பிச் சலித்துப்போன அம்மா புஷ்பமேரி எரிச்சலோடு கேமராவை அணைத்துவிட்டு, வருகைப் பதிவில் மகளுடைய பெயர் வந்ததும் கீச்சுக் குரலில், "உள்ளேன் மிஸ்" என்றாள். மிஸ் கண்டுகொள்ளவில்லை. அடுத்த பெயருக்குப் பதில் வந்தபோது பின்னால் குக்கர் விசிலடித்தது. அதற்கடுத்த குரலில் சளி கட்டிய கரகரப்பு. புஷ்பமேரி போனைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். முப்பது பெயர் முடிந்தும் ஒரு குழந்தையின் குரல்கூட வரவில்லை.

"எல்லாரும் கேமராவைப் போடுங்க," என்றார் மிஸ். அவருடைய கட்டமும் கறுப்பாகத்தான் இருந்தது.

"மொதல்ல நீங்க போடுங்க மிஸ்." கீச்சுக் குரலை மறந்து கேட்டேவிட்டாள் புஷ்பமேரி.

மிஸ்ஸின் குரல் தணிந்து வந்தது.

"நான் மிஸ்ஸோட அம்மா. அவ இப்பத்தாம்மா கண்ணசந்தா."