சுருதி சுத்தமான தாலாட்டு

சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இவ்வாண்டோடு நம் மாநிலத்தில் அபஸ்வரம் ஒழிந்தது! இசைக் கல்வியில் முதுகலை முடிக்கும் ஒவ்வொருவர் தொண்டையிலும் அங்கீகரிக்கப்பட்ட ஒரே குரல் பொருத்தப்படும் என்று துணைவேந்தர் முழங்க, அவர் கழுத்தில் மூன்று மாலைகள் விழுந்தன.

அன்று மாலை பட்டமும் அங்கியுமாக நீலாயதாட்சி தன் வீட்டுக் கதவைத் தட்டினாள். கணவன் பால் வாங்கக் கீழே போயிருந்தான். நாலு வயது குந்தவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். அம்மா குரல் கேட்டால்தான் திறக்க வேண்டும் என்பது நீலாவே போட்ட சட்டம்.

“குந்தும்மா, அம்மா வந்துட்டேன். திறடி தங்கம்.”

“நீங்க ஸ்கூல் பாட்டு மிஸ்ஸு. அம்மா இல்ல.”

போன வருஷம் சோதனை ஓட்டத்தில் பட்டம் வாங்கிய பாட்டு மிஸ்ஸுக்கும் இதே குரல்தான்.

“அம்மாதான்டி. தாலாட்டு பாடுறேன், கேளு.”

பாடினாள். துணைவேந்தர் கேட்டிருந்தால் நாலாவது மாலையும் போட்டுக்கொண்டிருப்பார்.

“எங்கம்மா ரெண்டாவது ஆராரோல கீழ விழுவாங்க. தப்பா பாடுங்க, திறக்கிறேன்.”

நீலா தப்பாகப் பாடிப் பார்த்தாள். எவ்வளவு முக்கினாலும் தொண்டை அவளைப் பிடித்துச் சரியான சுரத்திலேயே நிறுத்தியது. அழுகைகூடச் சுருதி சேர்ந்தே வந்தது.

உள்ளே செல்போன் பாடத் தொடங்கியது. பழைய பதிவில் அவளுடைய பழைய குரல், இரண்டாவது ஆராரோவில் வழக்கம்போலச் சறுக்கியது.

“எங்கம்மா உள்ளதான் இருக்காங்க மிஸ். நீங்க போங்க.”

நீலா பட்டச் சான்றிதழைக் கதவுக்கு அடியில் தள்ளினாள். குழந்தைக்கு இன்னும் படிக்கத் தெரியாது.