பத்துக்கு ஆறு

"இரும்புச் சட்டையும் போட்டுக்குவாராம், நெருப்பு மந்திரமும் விடுவாராம்! அப்புறம் கத்தியைத் தூக்கிக்கிட்டு நான் ஒருத்தன் எதுக்கு? இவருக்குக் குடை பிடிக்கவா?" அத்தான் மேசையில் குத்திய குத்தில் பகடைகள் உருண்டு சோபாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டன.

"அதுக்காக வெறும் துணி அங்கியோட முதல் அறையிலேயே நான் சாகணுமா? மூணு வாரமா செத்துக்கிட்டிருக்கேன்!" வெல்டரும் விடவில்லை.

எதிர்வீட்டில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதைவிட நல்ல நிகழ்ச்சி எதில் வரப்போகிறது?

சண்டைக்கு மூலகாரணம் எக்ஸ்ரேக்காரி. பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் எலும்புகளைப் படமெடுத்துவிட்டு வந்து, ஆறு வருஷமாக ஒரு கதை விளையாட்டை எழுதிவந்தாள். அவள் கதை சொல்லுவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, குகை குகையாகப் போய் அடிவாங்குவார்கள். அவளுடைய அக்கா புருஷனான அத்தானுக்குத் தொழில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது, இங்கே மாவீரன். அவருடைய சிநேகிதரான வெல்டர் இங்கே மந்திரவாதி.

"நாப்பது தாண்டின ஆம்பளைங்க சண்டை போடற விஷயத்தைப் பாரு," என்று அக்கா பகடைகளைத் துடைப்பத்தால் தள்ளிக் கொடுத்தாள்.

"அக்கா, நாளைக்குத்தான் கடைசி நாள்," என்றாள் எக்ஸ்ரேக்காரி. பதிப்பகத்தின் கடிதம் அவள் கையிலேயே இருந்தது. 'எல்லாம் அருமை. கவச விதி மட்டும் சரியில்லை. மந்திரவாதி கவசம் போட்டால் சாய்க்க ஆளில்லை. போடாவிட்டால் அவர் நிற்கவே இல்லை. திங்கட்கிழமைக்குள் திருத்தினால் அச்சிடுகிறோம்.'

"மந்திரம்ங்கறது விரல் வேலை," என்றாள். "கவசத்தோட கிளவுஸும் மாட்டினா விரல் சில சமயம் பேச்சு கேக்கும், சில சமயம் கேக்காது. பத்துக்கு எத்தனை தடவை பலிக்கும்னு தெரிஞ்சா போதும், விதி முடிஞ்சுது."

"குத்துமதிப்பா அஞ்சுன்னு போட்டுட்டுப் போயேன்டி."

"குத்துமதிப்பா எக்ஸ்ரே எடுத்தா, உடைஞ்ச காலை விட்டுட்டு நல்ல காலுக்கு மாவுக்கட்டு போடுவாங்க. என் புத்தகத்துல ஒரு எண் இருந்தா அதுக்கு ஆதாரம் இருக்கணும்."

வெல்டர் எழுந்து போனார். தன் வேனிலிருந்து தோல் சட்டை, தோல் ஏப்ரன், முகமூடி, நுணுக்கமான வேலைக்குப் போடும் மெல்லிய ஆட்டுத்தோல் கையுறை என்று சகலத்தையும் எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"குளிச்சுட்டு வந்த கரடி மாதிரி இருக்கீங்க," என்றாள் அக்கா.

"பேச்சை விடுங்க. ஊசியும் நூலும் குடுங்க. பத்து எண்ணறதுக்குள்ள கோர்த்தா மந்திரம் பலிச்சுது. இல்லேன்னா இல்ல. பத்துத் தடவை பாத்துடுவோம்."

"அதுக்கு முன்னாடி வெறுங்கையால கோர்த்துக் காட்டும்யா," என்றார் அத்தான். "ஒப்பிட்டுப் பாக்க வேணாமா?"

வெல்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரைப் பாத்துக் கேக்கறீர்? இருபது வருஷமா குழாய்ல முடி அளவு விரிசலை அடைக்கிற கை! வெறுங்கையா இருந்தா பத்துக்குப் பத்து. எழுதிக்கோங்க மேடம்."

மேடம் எழுதிக்கொண்டாள்.

முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஊசியைக் கை எட்டிய தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, வெல்டர் கண்ணை இடுக்கிக்கொண்டார். நிஜ மந்திரவாதி தோற்றான் போங்கள். எக்ஸ்ரேக்காரி எண்ணினாள். முதல் தடவை நூல் நுழைந்தது. இரண்டாவது தடவை ஊசியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. அத்தான் கைதட்டினார். மூன்று, நான்கு நுழைந்தன. ஐந்தில் வெல்டர் பல்லைக் கடித்தார். பத்தாவது முடிந்தபோது அக்காகூட நாற்காலி நுனியில் இருந்தாள்.

"பத்துக்கு ஆறு!" என்று எக்ஸ்ரேக்காரி துள்ளினாள்.

உடனே ஆடிப் பார்த்தார்கள். கவசம் போட்ட மந்திரவாதி மூன்று அறைகளைத் தாண்டினார். நான்காவது அறையில் மந்திரம் காலை வாரியது; மாவீரன் பாய்ந்து போய்க் காப்பாற்றினார். "நான் இல்லேன்னா என்ன ஆகியிருப்பீர்?" என்று அத்தான் மீசையைத் தடவ, வெல்டர் சிரித்தார். எதிர்வீட்டு டிவி ஏமாற்றத்தோடு சத்தத்தைக் கூட்டியது.

புத்தகம் வந்தது, விற்றது. 'உண்மையில் கவசம் மாட்டிப் பார்த்து எழுதிய விதி' என்று ஒரு பத்திரிகை பாராட்டியதை வெட்டி, எக்ஸ்ரே அறைக் கதவில் ஒட்டினாள். கை உடைந்து வந்தவர்கள்கூட அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. "நான் எதையும் அளக்காம எழுதறதில்ல," என்று அவள் சொல்லாத நாளில்லை. அந்தப் பெருமையில் தப்பும் இல்லை. ஆறு வருஷ உழைப்பாயிற்றே.

மறு வருஷம் அவளும் வெல்டரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் இதை அந்த ஊசி நாளிலேயே கண்டுபிடித்துவிட்டதாக இன்றும் சாதிக்கிறார்கள். வெல்டருக்குக் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்து இருவரும் துறைமுகப் பக்கம் குடிபோனார்கள்.

போன முதல் ஞாயிற்றுக்கிழமை, அறுந்த சட்டைப் பொத்தானைத் தைக்க வெல்டர் ஜன்னல் வெளிச்சத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்து தடுமாறுவதைப் பார்த்தவள், பத்துத் தடவை கோர்க்கச் சொல்லி எண்ணினாள்: கையுறை இல்லாமலும் அதே ஆறு. மறுநாள் காலையில் அவரை இழுத்துப்போய்க் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டுவிட்ட கையோடு, வழியிலேயே தபால் நிலையத்தில் இறங்கி, 'இரண்டாம் பதிப்பில் கவச விதிக்குத் திருத்தம் ஏதும் இல்லை' என்று பதிப்பகத்துக்கு எழுதிப் போட்டாள்.