கூட வந்தவர்

வக்கீல் தண்ணீர்க் குவளையை மகள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பெரியவருக்கும் ஒன்று வந்தது. அவர் தொடவில்லை. முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். பேரப்பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் தந்திக்கம்பம். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

நம் குடும்பத்துப் பெயர் கோர்ட்டுப் படி ஏறாது என்று ஆயுள் முழுக்கச் சொல்லி வந்தவர். தம்பிமார்களுக்குள் பாகப்பிரிவினைத் தகராறு முற்றியபோதுகூட எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, சாப்பாடு போட்டு, பொழுது சாய்வதற்குள் முடித்துவைத்தார். அப்படிப்பட்டவர் இன்று ஒரு வக்கீலின் மாடிப்படி ஏறியிருந்தார். மகள் நீட்டிய கையைப் பிடிக்காமல்தான் ஏறினார்.

மகள்தான் போனில் பேசி நேரம் வாங்கியிருந்தாள். பள்ளிக்கூட விடுதியில் நடந்தது, செய்தவர் விடுதிக் காப்பாளர், வெகுகாலம் ஆகிவிட்டது. அவ்வளவுதான் சொல்லியிருந்தாள்.

வேண்டாம் என்று பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருவரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். வழக்கும் இல்லை, பேச்சும் இல்லை.

வக்கீலுக்கு மகளைவிட வயது குறைவு. மகளைப் பார்த்தே பேசினாள்.

"அந்த ஆள் செத்துப் போயிட்டார்னா போலீஸ் கேஸுக்கு வழியில்ல. ஆனா சிவில் வழக்கு வேற. அவரை வேலைக்கு வெச்ச நிர்வாகம் இன்னும் இருக்கே. தெரிஞ்சும் கண்ணை மூடிக்கிட்டிருந்தாங்கன்னா அவங்கதான் பதில் சொல்லணும். இந்த மாதிரி வழக்குக்கு இப்போ இங்க காலக்கெடுவும் கிடையாது."

பெரியவர் மலையைக் குடைந்து ரயில் பாதை போட்ட பொறியாளர். இரண்டு பக்கமிருந்தும் தோண்டிக்கொண்டு வருவார்கள். வெளிச்சத்துக்கு முன்னால் மறுபக்கத்துக் காற்றுதான் வரும். அது முகத்தில் படும் நொடியில் வாயாடித் தொழிலாளிகள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இந்த அறையில் அந்தக் காற்று அவர் முகத்தில் பட்டது.

"சந்தேகத்துக்கே இடமில்லாம நிரூபிக்கணும்ங்கிறது கிரிமினல் கேஸுக்கு. இதுல, நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு நீதிபதிக்குப் பட்டாலே போதும்."

மகள் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பல்லி விழுந்தால் ஊரைக் கூட்டுகிற பெண். இவளுக்கு இந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் பிரமிப்பாக இருந்தது.

"பேர் வெளிய வருமா?" என்று கேட்டார்.

"அப்பாக்கள் எல்லாரும் முதல்ல கேக்கிற கேள்வி." வக்கீல் சிரிக்கவில்லை. "மறைக்கச் சொல்லி மனு போடலாம். கோர்ட் ஒத்துக்கிட்டா, பேருக்குப் பதிலா ரெண்டெழுத்து. உங்க குடும்பப் பேர் பத்திரமா இருக்கும்."

மகள் வாயைத் திறந்தாள். "மேடம், அது வந்து..."

பெரியவர் தொண்டையைச் செருமினார். மகள் நிறுத்திக்கொண்டாள்.

"ஐயா, அவங்களைப் பேச விடுங்க. வீட்ல நீங்க நாட்டாமையா இருக்கலாம். இங்க நான்."

அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. கோபம் வரவில்லை. இந்தச் சின்னப் பெண்ணுக்கு எவ்வளவு துணிச்சல் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீலே குரலைத் தணித்துக்கொண்டாள். "நம்பி விடுதியில விட்ட பெத்தவங்க மேல தப்பு இல்லைங்க."

அந்த மன்னிப்பை அவர் வாங்கிக்கொள்ளவும் இல்லை, வேண்டாம் என்று தள்ளவும் இல்லை.

"பணமெல்லாம் வேண்டாம்" என்றார். "அந்த ஆள் படத்தைப் பள்ளிக்கூட மண்டபத்துல மாட்டி வெச்சிருக்காங்க. பிள்ளைகள் மேல உயிரையே வெச்சிருந்தவர்னு கீழ எழுதியிருக்கு. அதைக் கழட்டச் சொல்ல முடியுமா?"

"கேக்கலாம். தீர்ப்புல வரும்னு உறுதி சொல்ல மாட்டேன். ஆனா சமரசம் பேசும்போது இப்படிக் கேட்டு வாங்கியிருக்கோம். எழுத்துல மன்னிப்பும் வாங்கியிருக்கோம்."

ஆணியில் தொங்கும் ஒரு படம் வரைக்கும் சட்டத்தின் கை நீளும் என்பது இத்தனை வயதுக்கு மேல்தான் அவருக்குத் தெரிந்தது.

வக்கீல் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"இனி கூட வந்தவங்க வெளிய உக்காரணும். பாதிக்கப்பட்டவங்க மட்டும் இருந்தாப் போதும். அவங்க வாயால தனியா கேக்காம நான் எந்த வழக்கையும் எடுக்கிறதில்ல. அப்பாவா இருந்தாலும் சரிதான்."

கடைசி வாக்கியத்தை அவரைப் பார்த்துச் சொன்னாள்.

மகளும் அவரைப் பார்த்தாள்.

பெரியவர் நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பற்றினார். எழப்போகிறார் என்றுதான் வக்கீல் நினைத்திருப்பாள்.

அவர் மகளிடம் தலையசைத்தார்.

மகள் எழுந்தாள். கைப்பையை மாட்டிக்கொண்டாள். கடந்து போகையில் அவர் தோளில் ஒரு நொடி கை வைத்தாள். அந்த வீட்டில் யாரும் அவரைத் தொட்டுப் பேசியதில்லை. வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

வக்கீல் கதவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். தன்னையும் அறியாமல் எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காரும்மா" என்றார் பெரியவர். "நீ நின்னுக்கிட்டிருந்தா நான் எப்படிச் சொல்றது?"