ஆறு ஞாயிறு

“பி.ஏ. படிச்சிட்டா கோயிலுக்கு வரக் கூடாதுன்னு எந்த வேதத்துல எழுதியிருக்கு?”

மூப்பர் செல்வநாயகம் ஓங்கித் தட்டியதில் மேஜைமேல் மைக்கூடு குதித்தது.

ஆம்பூரில் அவர் பெரிய ஆவாரம்பட்டை வியாபாரி. தோல் பதனிடும் ஷாப்களில் அவர் பட்டை போகாத ஷாப் இல்லை. சபைக் கமிட்டியிலும் அவர் சொன்னால் சொன்னதுதான். பக்கத்தில் போதகர் இருந்தார், இருந்தார், அவ்வளவுதான்.

எதிரே மூன்று பட்டதாரிகள். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் யோபு, மிஷன் பள்ளித் தலைமையாசிரியை ரூபாவதி, வக்கீல் மாசிலாமணி. மெட்ராஸில் படிக்கும்போதே ஒன்றாக ஜெபம் பண்ணியவர்கள். வேலை பார்த்தால் மூன்று பேரும் ஒரே ஊரில், அதையும் ஊழியமாகவே பார்ப்பது என்று பேசி வைத்துக்கொண்டு இங்கே வந்தவர்கள்.

ஆறு ஞாயிறாக அவர்களைக் கோயிலில் காணோம்.

“எங்க போயிருந்தீங்க?”

“ஆராதனைக்குத்தான்” என்றார் டாக்டர்.

“எந்த ஊரு ஆராதனை?”

வக்கீல் மேஜைமேல் இருந்த தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தார்.

“நானே சொல்லவா? டாக்டரு வூட்டுல தனியா வைத்தியம் பாக்கறாரு. வக்கீலு கட்சிக்காரனோட பேசறாரு. அம்மாவுக்கு டியூஷன். ஞாயித்துக்கிழமைன்னா வரும்படி ஜாஸ்தி!”

“நாக்க அடக்கிப் பேசுங்க!” டாக்டர் எழுந்தே விட்டார். வக்கீல் அவர் கோட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

“பேரை எடுத்துட்டா அப்பத் தெரியும். சபையில பேரு இல்லாதவங்களுக்கு மிஷன்ல வேலையும் இல்ல. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் ரெண்டையும் வுட்டுட்டு நடையக் கட்டுங்க.”

“கட்டறோம்” என்றார் ரூபாவதி. “இன்னா தப்புக்குன்னு எழுதிட்டு எடுங்க.”

“ஓய்வுநாள்ல வேலை செஞ்ச தப்புக்கு!”

“அப்ப தீர்மானமாப் போடுங்க. எல்லாருக்கும் பொதுவா.”

“போடறேன். எனக்கு இன்னா பயம்?”

தீர்மானப் புத்தகத்தை இழுத்து எழுதினார். ‘ஞாயிற்றுக்கிழமையில் வேலை செய்கிறவர் பெயர் நீக்கப்படும்.’

“இது பத்தாது” என்றார் வக்கீல். “வேலை வாங்கறவர் பேரையும் சேத்துக்குங்க. கட்டாயத்துக்குச் செய்யறவன வுட்டுடுங்க. அவன் இன்னா பண்ணுவான் பாவம்?”

“குமாஸ்தாவுக்கு வக்காலத்தா? சரி, போறான்.” மூப்பர் சிரித்துக்கொண்டே எழுதினார். மீன் தானே துள்ளிக் கூடைக்குள் விழுகிறதே!

“இன்னும் ஒண்ணு” என்றார் ரூபாவதி. “இதப் பத்தி சாட்சி சொல்றவங்கள வூட்ட வுட்டோ வேலைய வுட்டோ யாரு துரத்தினாலும், அவங்க பேரும் போவணும்.”

தங்களைக் காட்டிக் கொடுப்பவர்களுக்கே இவர்கள் காவல் போடுகிறார்கள்! மூப்பர் அதையும் எழுதினார். பெரிதாய்க் கையெழுத்துப் போட்டார். போதகர் சின்னதாய்ப் போட்டார்.

“பேரம் முடிஞ்சிதா? இப்ப வாயத் திறங்க. ஆறு ஞாயிறும் எங்க இருந்தீங்க?”

வக்கீல் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, கையெழுத்து காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தார்.

“உங்க பட்டைக் கிடங்குல, மூப்பரே” என்றார் டாக்டர். “அங்க வேலை செய்யற முப்பது பேரும் உலக்கைய வெச்சுட்டு அரை மணி நேரம் எங்களோட ஜெபம் பண்றாங்க. நம்ம சபை சனங்கதான்.”

மூப்பர் போதகரைப் பார்த்தார். போதகர் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“அவங்க தோல் ஷாப் ஆளுங்களாச்சே… ஞாயித்துக்கிழமை அங்க வேலை இருக்குமே…” என்றார் மூப்பர்.

“இல்ல” என்றார் ரூபாவதி. “ஷாப் முதலாளி அப்துல் கஃபார் சாயபு, ‘உங்க சாமியக் கும்பிட்டுட்டு வாங்க’ன்னு அவங்களுக்கு ஞாயிறு லீவு வுட்டு ரெண்டு வருஷமாச்சு. அந்த லீவுலதான், உங்க மனையில குடிசை போட்ட பாவத்துக்கு, கூலியில்லாம உங்களுக்குப் பட்டை இடிக்கறாங்க.”