இடுப்பில் ஓர் இடம்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக் காலை வெயில் சமையலறை மேசைமேல் விழுந்து கிடக்கிறது. துப்பாக்கிக் குண்டுகளைப் பக்கத்து அறையில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடி, காலித் துப்பாக்கியை உறையோடு மனைவி நோரீனின் இடுப்பில் செருகுகிறான் ராய்ஸ். இத்தனை வருஷம் அதை எடுத்துப் பழகிய அவனது வலக்கை, பக்கவாதத்துக்குப் பிறகு மடியில் சும்மா கிடக்கிறது. நாளை முதல் ஆளரவமற்ற நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்கை அவள்தான் தனியாகத் திறக்க வேண்டும். “உட்காரு. குத்துதா?” என்கிறான். “முன்னால வெச்சா வயித்துல குத்துது. எனக்கென்ன இருபது வயசா?” உறையை வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னே நகர்த்துகிறான். அவள் உட்காருகிறாள், எழுகிறாள், குனிந்து செருப்பைத் தொடுகிறாள். உறுத்தவில்லை. பிறகு இடக்கையால் ஸ்வெட்டரைத் தூக்கி, வலக்கையால் துப்பாக்கியை எடுத்து, வெறும் சுவரை நோக்கி நீட்டிப் பழகுகிறாள். இரண்டு தடவை ஸ்வெட்டரின் கம்பளி சிக்குகிறது. “இன்னும் மேல தூக்கு. விரல் விசைக்கிட்ட போகக் கூடாது. அவசரமே இல்ல.” ஏழாவது தடவை தடங்கலின்றி வருகிறது. ராய்ஸ் தலையசைக்கிறான்.

“எனக்கு இது பிடிக்கல, ராய்ஸ்.”

“பிடிக்க வேண்டாம்மா. சாயங்காலம் வீடு வந்து சேரு, அது போதும்.”

அவள் துப்பாக்கியை மெல்ல உறைக்குள் வைக்கிறாள். ஸ்வெட்டரை இழுத்து மூடிய அவனது இடக்கை, கொஞ்ச நேரம் அங்கேயே தங்கிவிடுகிறது.