மழைக்கு ஒதுங்கிய தேனீ

தேனீக்கள் வழியை வாயால் சொல்வதில்லை, ஆடிக் காட்டும். அந்த ஆட்டத்தைக் கூட்டுக்கு வெளியே ஆடக் கூடாது என்பது கூட்டின் சட்டம்.

பூத் தேடி வெளியூர் போன தேனீ ஒன்று மழைக்கு ஒரு மரப்பொந்தில் ஒதுங்கியது. உள்ளே ஒரு குளவி இருந்தது.

"எந்த ஊரம்மா?"

"அதைச் சொல்லக் கூடாது அண்ணே."

"வேண்டாம், சொல்லாதே. எனக்கு எதற்கு?" என்று குளவி நகர்ந்து இடம் கொடுத்தது. "இப்படி நடுங்குகிறாயே. நீங்களெல்லாம் நன்றாக ஆடுவீர்களாமே, ஆடினால் கொஞ்சம் சூடு வருமே."

மழை விடவில்லை. தேனீக்கு வீட்டு நினைப்பாகவே இருந்தது. மெல்ல ஆடத் தொடங்கியது. கால்களில் வந்தது வீட்டுக்குப் போகும் வழிதான்.

மறுநாள் பூக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது கூட்டில் தேன் இல்லை. குஞ்சுகளும் இல்லை.

"வெளியில் யாரிடமாவது சொன்னாயா?" என்று காவல் தேனீ கேட்டது.

"நான் வாயே திறக்கவில்லை அக்கா."

"குளவிகள் எந்த வழியாக வந்தன என்று பார்" என்று காவல் தேனீ கிழிந்த சிறகோடு ஆடிக் காட்டியது.

தேனீ முழுவதையும் நின்று பார்த்தது. பொந்தில் தான் ஆடிய ஆட்டம். ஓர் அடிகூடப் பிசகவில்லை.