சிவப்பு வண்டி கிளம்புகிறது

காலை வெயில் தகரக் கொட்டகைக்குள் சாய்வாக விழுகிறது. மெக்கானிக் பக்கிரி தன் மனைவி வீராயியைக் கைகளில் ஏந்தி வந்து சிவப்புக் காரில் மெல்லச் சாய்க்கிறான். இரண்டே பேர் உட்காரும் இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார் அது. நெய்வேலியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் இனி ஓடாதென்று விட்டுப்போனது. பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது. பீங்கான் பட்டறையில் கல்தூசியை விழுங்கி விழுங்கி வீராயிக்கு நெஞ்சு கெட்டுவிட்டது. பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார அவளால் ஆகாது, வாடகைக் காருக்கு வழியில்லை. அவளைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் சீட்டை அறுத்துச் சாய்த்துத் தேங்காய் நார் திணித்திருக்கிறான். ஜீப்பிலிருந்து கழற்றிய கார்புரேட்டர், லாரித் தகரத்தைச் சுருட்டிப் பற்றவைத்த சைலன்சர்.

சாவியைத் திருகுகிறான். வண்டி குலுங்கி உறுமுகிறது. கொட்டகைத் தகரமெல்லாம் கிடுகிடுக்கிறது.

"கிளம்பிடுச்சுங்க!" வீராயி வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

சைலன்சர் ஒட்டில் கசிந்த கரும்புகை மேலேறி அவள் முகத்தை மூடுகிறது. சிரிப்பு இருமலாகிறது. இருமல் நிற்கவில்லை. வாயைப் பொத்திய முந்தானையில் ரத்தம். பக்கிரி பதறிப்போய் இன்ஜினை அணைக்கிறான். இப்போது அவளுடைய மூச்சின் இழுப்பு மட்டும் கேட்கிறது.

"நிறுத்தாதீங்க. போயிடலாம்."

"இந்தப் பொகையில எப்படி புள்ள?"

அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். பக்கிரி இறங்குகிறான். கதவோரம் நின்று ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்து, இன்ஜினைப் போடாமலே வண்டியைப் பாண்டிச்சேரி ரோட்டை நோக்கித் தள்ளத் தொடங்குகிறான்.